கச்சான் வீசும் கரை: தேரிக்காட்டிலிருந்து திருகோணமலைக்கு

முதல் நாள்

கிளிநொச்சியைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் பஸ்ஸின் சன்னல் வழியாக அந்த நிறத்தைப் பார்த்தேன். சாலையோரம் வெட்டியிருந்த பள்ளத்தில் மண் சிவந்து கிடந்தது. செம்மண் எல்லா ஊரிலும் உண்டு. இது வேறு. காய்ந்து கிடக்கும்போதும் இப்போதுதான் நனைந்ததுபோல் தோன்றும் சிவப்பு. எங்கள் ஊர்ச் சிவப்பு. பக்கத்தில் இருந்த பெரியவரிடம் இது எந்த இடம் என்று கேட்டேன். "இரணைமடுப் பக்கம், தம்பி" என்றார்.

அந்தப் பெயரை முன்பே படித்திருக்கிறேன். இந்த மண்ணடுக்குக்கு ஆய்வாளர்கள் இட்ட பெயரே இரணைமடுப் படிவு. தென் தமிழகத்துச் செம்மணல் மேடுகளான தேரிகளோடு அதை ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். இரண்டிலும் ஆதி மனிதனின் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. படித்தபோது அது வெறும் செய்தி. இன்று சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த மண் கண்ணிலிருந்து மறையும் வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நான் திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே உள்ள தேரிக்காட்டில் பிறந்தவன். தமிழ்நாட்டில் பாலைவனமா என்று வடக்கே பலர் கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது. மணல் மேடுகள் இருக்கின்றன, அவை காற்றில் நகரவும் செய்கின்றன. மழை பெய்தாலும் மணல் அதை உடனே குடித்துவிடும். பனையும் கொல்லாமரமும் உடைமரமும்தான் அங்கே தாக்குப்பிடிக்கும். என் அப்பா பனையேறி. மாசியில் தொடங்கி ஆடி வரை நாளுக்கு இரண்டு வேளை மரம் ஏறுவார். மரத்தை அணைத்து அணைத்து அவருடைய நெஞ்சு காய்ப்புக் காய்ச்சிப்போயிருந்தது.

பத்தொன்பது வயதில் ஊரை விட்டேன். பதினெட்டு வருடங்களாக அலைகிறேன். மன அமைதி வேண்டும் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொன்ன காரணம். அது பொய்யும் இல்லை. திருவண்ணாமலையில் ஒரு வருடம் இருந்தேன். இமயமலை அடிவாரத்தில் மூன்று மழைக்காலங்களைக் கழித்தேன். பாலைவனத்தில் பிறந்தவன்தானே என்று ஜைசல்மேருக்கும் போனேன். வெளிறிய மஞ்சள் மணல், அழகானது. அதற்கு என்னைத் தெரியவில்லை.

திருகோணமலைக்கு வந்ததற்குக் காரணம் என் பாட்டையா, அதாவது தாத்தா. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கே துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தவர். 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது காட்டுக்குள் ஓடி ஒளிந்து, பிறகு தலைமன்னார் வழியாக ஊர் திரும்பினார். குண்டுகளைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: "அங்கேயும் நம்முடைய காற்றுதான்." சிறுவயதில் அது எனக்கு விளங்கவில்லை.

முந்தாநாள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிக் காங்கேசன்துறையில் இறங்கினேன். இன்று பகல் முழுவதும் பஸ். வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. உப்புவெளியில் ஒரு வீட்டின் பின்னறையில் தங்கியிருக்கிறேன். வீட்டுக்கார அக்கா பிட்டும் சொதியும் தந்தார். களைப்பு. நாளை எழுதுகிறேன்.

இரண்டாம் நாள்

கோணேசர் கோயில். பிரட்றிக் கோட்டைக்குள் நுழைந்துதான் போகவேண்டும். கோட்டை வாசலில் பதித்த கல்லில் இரட்டைக் கயல் இருக்கிறது. பாண்டியரின் சின்னம். எங்கள் பக்கத்துக் கோயில்களில் தலைக்குமேல் பார்த்துப் பழகிய அதே மீன்கள். போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். அதனால்தான் கோயிலில் இருக்கவேண்டிய கல் கோட்டை வாசலில் நிற்கிறது. விரலால் தொட்டுப் பார்த்தேன். செதில்கள் தேய்ந்துவிட்டன, வால் மட்டும் கையில் தட்டுகிறது.

உள்ளே புள்ளிமான்கள் பயமின்றித் திரிகின்றன. மேலே ஏறினால் சுவாமி மலை. சம்பந்தரின் பதிகம் பெற்ற இடம். கடல் முத்துக்களைக் கொண்டுவந்து ஒதுக்கும் மலை என்று அவர் பாடியதாக எங்கள் ஊர் ஓதுவார் ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அம்மன் பெயர் மாதுமையாள். தீர்த்தத்தின் பெயர் பாவநாசம். எங்கள் தாமிரபரணி மலையிறங்கும் ஊரின் பெயரும் அதுதான். பெயர்கள் இப்படிக் கடல் தாண்டி எதிரொலிப்பதைக் கேட்கக் கேட்க மனம் இளகுகிறது.

1956இல் மைக் வில்சனும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் இந்த மலையடிவாரக் கடலில் முக்குளித்து, பழைய கோயிலின் தூண்களும் சிற்பக் கற்களும் கிடப்பதைக் கண்டார்கள். வில்சன் மீட்டெடுத்த லிங்கம் மீண்டும் கோயிலுக்கு வந்தது. புதுப்பித்த கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. முந்நூறு வருடங்களுக்கு மேல் கடலடியில் கிடந்த ஒன்று தன் இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. அதை நினைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.

இராவணன் வெட்டுக்கு அருகே, பிள்ளை வரம் வேண்டியவர்கள் மரக்கிளைகளில் சிறு சிறு தொட்டில்கள் கட்டியிருக்கிறார்கள். அவை எல்லாம் கடல் பக்கமாகவே ஆடிக்கொண்டிருந்தன. அப்போதுதான் உறைத்தது. காற்று கடலிலிருந்து வரவில்லை. நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகிறது. ஈரம் இல்லாத காற்று. உதடு உலர்ந்துபோயிருந்தது. நாக்கால் தடவியபோது உப்பில்லை, புழுதிச் சுவை.

பாட்டையா சொன்ன காற்று.

மூன்றாம் நாள்

அதிகாலை ஐந்தரைக்கே நிலாவெளிக் கரைக்குப் போய்விட்டேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையைத் தோணியில் ஏற்றிக் கடலுக்குள் அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு வரிசையாக இழுக்கிறார்கள். பின்னோக்கி நடந்து நடந்து வரிசையின் கடைசி ஆள் மேட்டை அடைந்ததும் கயிற்றை விட்டுவிட்டு நீர்விளிம்புக்கு ஓடிப்போய் முதல் ஆளாகிறார். இப்படியே இரண்டு மணி நேரம். ஒருவர் அம்பாப் பாட்டு எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் தொடர்கிறார்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஐயா என்னைப் பார்த்து, சும்மா நிற்கிறீர்களே, வந்து பிடியுங்கள் என்றார். பிடித்தேன்.

கயிறு நனைந்து, மணல் ஒட்டி, அரம்போல் இருந்தது. கால் மணலில் கணுக்கால்வரை புதைகிறது. குதிகாலை ஊன்றாமல் விரல்களை விரித்து அழுத்தினால் புதையாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, கால் தானாகவே செய்தது. சம்மாட்டி கவனித்துவிட்டார். "மணலில் நடந்து பழகிய கால்" என்றார். பதினெட்டு வருடங்களில் நான் எங்கிருந்து வந்தவன் என்பதை என் கால்களைப் பார்த்துக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான்.

வலையின் மடி கரைசேர்ந்தபோது நெத்தலியும் கொஞ்சம் கீரிமீனும் கையளவுப் பாரைகள் சிலவும் இருந்தன. மோசமில்லை, நல்லதுமில்லை என்றார்கள். எனக்கும் கறிக்கென்று ஒரு பங்கு ஓலைப்பெட்டியில் போட்டுத் தந்தார்கள்.

பிறகு நிழலில் உட்கார்ந்து பிளேன்டீ குடிக்கும்போது காற்றைப் பற்றிக் கேட்டேன். ஐயா விரல் மடக்கிச் சொன்னார்: வாடை, கொண்டல், சோளகம், கச்சான். இப்போது வீசுவது கச்சான். மேற்கிலிருந்து வருகிறது, கரையிலிருந்து கடலுக்குப் போவதால் கரையோரம் அலை எழும்பாது, கரைவலைக்கு இதுதான் காலம். ஐப்பசி பிறந்து வாடை தொடங்கிவிட்டால் தோணிகளை மேட்டில் ஏற்றிவிடுவார்கள்.

மணப்பாட்டு மீனவர்களும் மேல்காற்றைக் கச்சான் என்றுதான் சொல்வார்கள். (இங்கே நிலக்கடலைக்கும் அதே பெயர். கடற்கரையில் அக்காமார் வறுத்துக் குவித்து விற்கிறார்கள்.) இது ஒரே தென்மேற்குப் பருவக்காற்று. கேரளத்து மலைச்சரிவுகளிலும் இலங்கையின் மேற்குச் சரிவுகளிலும் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, மலை தாண்டி இறங்கும்போது வெறுங்கையோடு, சூடேறி வருகிறது. அங்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு எங்கள் தேரி மணலை நகர்த்துகிறது. இங்கே மத்திய மலைநாட்டைத் தாண்டி வந்து இந்தத் தொட்டில்களை ஆட்டுகிறது. நான் எந்தக் காற்றுக்குத் தப்பி ஓடினேனோ அந்தக் காற்றின் எதிரிலேயே இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

தப்பி ஓடினேன் என்று எழுதிவிட்டேன். ஆம், அதுதான் உண்மை. ஆனி, ஆடியில் தேரியில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சோற்றில் மணல், பாயில் மணல், தூங்கும் குழந்தையின் இமையில் மணல். இரவெல்லாம் கூரை ஓலை அடித்துக்கொள்ளும். இந்த இரைச்சல் இல்லாத ஓர் இடம் வேண்டும் என்றுதான் முதலில் கிளம்பினேன். அமைதி என்ற பெரிய சொல்லெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

நான்காம் நாள்

புறாமலைக்குப் படகில் போகலாம் என்று அக்கா சொன்னார். போகவில்லை. பகல் முழுவதும் தூங்கினேன்.

அறைக்குப் பின்னால் மூன்று பனைகள் நிற்கின்றன. யாரும் ஏறாத மரங்கள், காவோலை கழிக்காமல் பாவாடைபோல் தொங்குகிறது. பத்து மணிக்குக் கச்சான் எழும்பியதும் அந்த ஓலைகள் ஒன்றோடொன்று உரசத் தொடங்கின. முதலில் சரசரவென்று, பிறகு மழை பெய்வதுபோல். கதவைச் சாத்தலாம் என்று எழுந்தவன், சாத்தாமல் படுத்துவிட்டேன். வருடக்கணக்கில் மாத்திரை இல்லாமல் இப்படித் தூங்கியதில்லை. விழித்தபோது தலையணையில் மெல்லிய புழுதி படிந்திருந்தது.

ஐந்தாம் நாள்

இன்றைய நாளைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

கன்னியா வெந்நீர் ஊற்றுகளுக்குப் போனேன். நகரத்திலிருந்து மேற்கே சிறிது தூரம்தான். பெரிதாக எதையோ கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாந்துவிடுவோம். ஏழு சிறிய சதுரக் கிணறுகள், குனிந்து வாளியால் அள்ளும் ஆழம், அவ்வளவுதான். ஒவ்வொன்றின் சூடும் ஒவ்வொரு விதம். ஒன்றில் இதமான வெதுவெதுப்பு, இன்னொன்றில் கையை வைத்ததும் இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தாய் இறந்ததும் அவளுக்குக் கடன் கழிக்க இராவணன் நிலத்தில் ஏழு இடங்களில் குத்தியதால் பொங்கிய ஊற்றுகள் என்பது மரபுக்கதை. அதனால் இந்தப் பக்கத்துச் சைவர்கள் இறந்தவர்களுக்கு அந்தியேட்டிச் சடங்கு செய்யக் கன்னியாவுக்கு வருவது வழக்கம்.

நான் போனபோது ஒரு குடும்பம் வந்திருந்தது. முப்பத்தோராம் நாள். மொட்டையடித்த ஓர் இளைஞன், ஈர வேட்டியோடு. அவனுடைய பெரியப்பா வயதில் ஒருவர் முட்டிவலியோடு கிணற்றருகே குனிய முடியாமல் நின்றார். "தம்பி, தண்ணீர் கொஞ்சம் அள்ளித் தருவீர்களா?" என்று என்னைக் கேட்டார். அள்ளிக் கொடுத்தேன். முதல் கிணற்றில் தொடங்கி ஏழாவது வரை, ஒவ்வொரு வாளியாக. அவர் அதை அந்தப் பையனின் தலையில் ஊற்றினார். அவன் அழவில்லை. ஐந்தாவது வாளியின்போது அவனுடைய தோள்கள் மட்டும் இறங்கின, சுமையை இறக்கி வைத்ததுபோல்.

என் அப்பா இறந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. ஆனி மாதம், இதே காற்றுக்காலம். காலையில் மரம் ஏறி இறங்கி, பதநீரை விடிலிக் குடிசையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, கருப்பட்டி காய்ச்சும் அடுப்புக்கு எதிரே சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று நான் வடக்கே ஒரு தியான முகாமில் இருந்தேன். பத்து நாள் மௌனம். கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். நானும் மகிழ்ச்சியாகத்தான் கொடுத்தேன். செய்தி என் கைக்கு வந்து, ரயில் பிடித்து ஊர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் சித்தப்பா மகன் கொள்ளி வைத்திருந்தான். அம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அன்று முதல் நான் எந்த இடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தாலும் அந்த அடுப்புத்தான் தெரியும். பதநீர் பொங்கி, வழிந்து, அடிப்பிடித்துக் கருகியிருக்கும். யாரும் கிளறியிருக்கமாட்டார்கள்.

குடும்பத்தார் படையலை முடித்துவிட்டு என்னையும் சாப்பிட அழைத்தார்கள். இருங்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கிணறுகளிடம் போனேன். எனக்கு மந்திரம் தெரியாது. எள்ளும் தர்ப்பையும் இல்லை. நிமிர்ந்து நின்று, ஏழு கிணறுகளிலும் ஏழு வாளி அள்ளி என் தலையில் ஊற்றிக்கொண்டேன். ஒவ்வொரு வாளிக்கும் அப்பாவின் பெயரைச் சொன்னேன். உரக்கச் சொன்னேன். அவருடைய பெயரை என் வாயால் சொல்லி ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. ஊரில் அப்பா பெயரைப் பிள்ளைகள் சொல்லும் வழக்கமும் இல்லை. ஏழாவது வாளி கொதித்தது. தோல் சிவந்துவிட்டது. காற்று பட்டதும் உடம்பு நொடியில் உலர்ந்துபோனது.

பெரியவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. இலையில் முதலில் எனக்குத்தான் சோறு போட்டார்.

ஆறாம் நாள்

வடக்கே புல்மோட்டை வரை பஸ்ஸில் போய்வந்தேன். இறக்கக்கண்டிப் பாலம், கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று வழிநெடுகப் பனைகள். புல்மோட்டைக் கரையில் மணல் கறுப்பு. இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் ஆகிய கனிமங்கள் செறிந்த மணல். அதை அள்ளிப் பிரித்து ஏற்றுமதி செய்கிறார்கள். எங்கள் தேரி மணலிலும் இல்மனைட் உண்டு. சிறுவயதில் பழைய ரேடியோவின் காந்தத்தை நூலில் கட்டித் தேரியில் இழுத்துக்கொண்டு ஓடுவோம். வீடு சேரும்போது அதில் கறுப்பு மீசை முளைத்திருக்கும்.

அம்மா ஒவ்வொரு முறையும் என் பையில் ஒரு மஞ்சள் துணி முடிச்சைப் போட்டு அனுப்புவாள். கற்குவேல் அய்யனார் கோயில் மண். கார்த்திகை முடிவில் அங்கே கள்ளர் வெட்டு நடக்கும். தேரியில் இளநீரை வெட்டியதும் நீர் சிந்திய மணலை அள்ளத் திரண்ட கூட்டம் பாயும். வயலில் தூவுவார்கள், பணப்பெட்டியில் வைப்பார்கள். நான் எங்கு போனாலும் அந்த முடிச்சு கூடவே வரும், அவிழ்த்துப் பார்த்ததில்லை. இன்று அவிழ்த்தேன். ஒரு சிட்டிகையை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வலது கையில் புல்மோட்டை மணலை எடுத்தேன். எச்சில் தொட்டு விரலால் தேய்த்தேன். தேரி மணலின் சிவப்பு போகவில்லை. மணிகளுக்குச் சிவப்பைக் கொடுப்பது மேலே பூசிய இரும்புத்துரு என்று படித்திருக்கிறேன். பூச்சுத்தான், ஆனால் விரல் தேய்த்துப் போகிற பூச்சு இல்லை.

கறுப்பு மணலைக் கரையிலேயே விட்டுவிட்டேன். சிவப்பை ஒரு மணி சிந்தாமல் திரும்ப முடிந்துகொண்டேன்.

பக்கத்தில் அரிசிமலைக் கரையையும் பார்த்தேன். மணல் அரிசிக் குருணைபோல் பருமனாக இருக்கிறது. பெயர் வைத்தவர்கள் பசி தெரிந்தவர்கள்.

ஏழாம் நாள்

காலையில் வீட்டுக்கார அக்கா பனங்கட்டிக் குட்டான் ஒன்றைக் கையில் கொடுத்தார், அம்மாவுக்கு என்று. சின்ன ஓலைப்பெட்டிக்குள் உறைந்த பனங்கட்டி. எங்கள் ஊரில் சிரட்டையில் ஊற்றி வார்ப்போம், அரைவட்டமாக இருக்கும். ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டேன். அடியில் லேசான புகைவாசம்.

பிறகு கடற்கரைக்கு வந்து அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். நானாகப் பேசி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

"எய்யா, எங்கே இருக்கிறாய்?"

"திருகோணமலையில், அம்மா. பாட்டையா இருந்த ஊர்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அந்தப் பக்கம் ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. தொடர்பு சரியில்லை என்று நினைத்தேன்.

"அது என்ன சத்தம், அம்மா?"

"காற்றுதான். ஒரு வாரமாக எழும்பி அடிக்கிறது. மேற்கு வேலி போய்விட்டது. மணல் வாசப்படிக்கு வந்துவிட்டது."

"விடிலி?"

"இருக்கிறது. கூரை மேயவேண்டும்."

கச்சான் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னாலிருந்து வந்து கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்து, இரண்டு பக்கத்துக் காற்றையும் கேட்டேன். எது எந்தப் பக்கம் என்று பிரிக்க முடியவில்லை.

"ஓலை வெட்டிப் போடச் சொல்லுங்கள், அம்மா. காய்வதற்குள் வந்துவிடுகிறேன்."

யாழ்ப்பாணம் போகும் பஸ் பிற்பகலில் இருக்கிறது. அனுராதபுரச் சந்தியில் நின்றால் ஏறிக்கொள்ளலாம் என்கிறார்கள்.